கல்குழி எப்போது சுரங்கமாகிறது? – கல்குவாரி வெடிவைப்பு விதிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கல்குவாரியில் வெடி வைப்பதை ஒழுங்குபடுத்தும் இந்திய விதிகள் ஒரே சட்டத்தில் பிறந்தவை அல்ல. வெடிமருந்தைக் கண்காணிக்கும் சட்டம், சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் சட்டம், குத்தகை நிலத்தை ஆளும் மாநில விதி ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அச்சங்களிலிருந்து தோன்றின. இம்மூன்றின் வரலாற்றையும் இக்கட்டுரை தமிழ்நாட்டுக் கல்குவாரிகளை முன்வைத்துத் தொகுத்து நோக்குகிறது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வெடிமருந்துப் பயன்பாடு பெறும் இடம் சிறப்பாக ஆராயப்படுகிறது. சிறு கல்குழியில் உழைப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக வெடி அமைந்துவிட்டது என்பதும், அதன் விளைவுகள் யாவை என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: கல்குவாரி, வெடிமருந்து, சுரங்கச் சட்டம், சிறுகனிமம், அபாய எல்லை, நில அதிர்வு

முன்னுரை

வெடிபொருள் சட்டம் என்றதும் தமிழ்ச் சூழலில் நினைவுக்கு வருவது பெரும்பாலும் சிவகாசி. பட்டாசுத் தொழில், அதில் உழைத்த சிறார், ஆண்டுதோறும் நேரும் தீவிபத்துகள் ஆகியவை குறித்துக் கணிசமாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதே சட்டத்தின் கீழ், அதே துறையின் உரிமத்தோடு, மாநிலத்தின் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் நாள்தோறும் வெடிக்கும் கல்குவாரி வெடி, வரலாற்று ஆய்வுகளில் அவ்வளவாக இடம்பெறவில்லை. ஆற்றுமணல் அள்ளுதல் கட்டுப்படுத்தப்பட்டு, எம்-சாண்ட் என்னும் செயற்கை மணல் கட்டுமானத்தின் முதன்மைப் பொருளாக மாறிய பிறகு பாறையின் தேவை பெருகியது. தமிழ்நாடு அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. மணல் ஆற்றிலிருந்து மலைக்கு இடம்பெயர்ந்தபோது வெடியின் தேவையும் உடன் வளர்ந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மெருகேற்றி ஏற்றுமதி செய்யப்படும் கிரானைட் பாளங்களை எடுக்கும் குவாரிகளில் வெடியின் பங்கு குறைவு. பாளத்தில் நுண்விரிசல் விழுந்தால் விலை போகாது என்பதால் அங்கே வைரக்கம்பி அறுவை முதலிய முறைகள் மேலோங்கின. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறை உடைக்கும் குவாரியின் நிலை நேர்மாறானது. எவ்வளவு நொறுங்குகிறதோ அவ்வளவு ஆதாயம். இக்கட்டுரை பேசுவது இந்த இரண்டாம் வகைக் குவாரிகளைப் பற்றியே.

தீயும் ஆப்பும்

பாறையை உடைக்க வெடி இன்றியமையாதது அன்று. உளியால் வரிசையாகத் துளையிட்டு ஆப்பறைந்து பிளக்கும் முறையின் தடங்களைத் தமிழகத்துக் குன்றுகள் பலவற்றில் இன்றும் காணலாம். தீயால் பிளக்கும் முறையும் தென்னிந்தியாவில் நெடுநாள் வழங்கியது. பெங்களூரை அடுத்த பகுதிகளில் விறகுத் தீயைப் பாறைமீது மெல்ல நகர்த்திச் சென்று, ஏறத்தாழ அரையடித் தடிப்புள்ள அகன்ற பலகைகளைப் பெயர்த்தெடுத்த கல்தொழிலாளரின் திறனை எச். வார்த் என்பவர் 1895இல் ‘நேச்சர்’ இதழில் பதிவுசெய்தார். தட்டிப் பார்த்து, எழும் ஒலியைக் கொண்டு பாறை எதுவரை விட்டிருக்கிறது என்று அறியும் அந்த அறிவுக்கு உரிமம் தேவைப்படவில்லை. எழுத்து வடிவிலான விதியும் இருந்ததில்லை.

வெடி வந்ததும் இந்நிலை மாறியது. 1831இல் வில்லியம் பிக்ஃபோர்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருவாக்கிய பாதுகாப்புத் திரியும், 1867இல் ஆல்ஃபிரட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் பாறை உடைக்கும் வேலையைக் கைத்திறனிலிருந்து பிரித்தன. இருப்புப்பாதையும் அணையும் துறைமுகமும் கட்டிய காலனிய அரசே இவற்றின் பெரும் நுகர்வோர். ஆகவே வெடிமருந்து அரசுக்குத் தேவையானது. அதே வேளையில் அரசு அஞ்சியதும் அதைத்தான். பின்வந்த சட்டங்கள் அனைத்திலும் இந்த இரட்டை மனநிலையைக் காணலாம்.

மருந்தைக் கண்காணித்த சட்டம்

பிரித்தானிய நாடாளுமன்றம் 1875இல் வெடிபொருள் சட்டத்தை இயற்றியது. தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் நேர்ந்த விபத்துகளே அதற்குத் தூண்டுதல். எட்டாண்டு கழித்து, அயர்லாந்து விடுதலை இயக்கத்தார் இலண்டனில் டைனமைட் தாக்குதல்கள் நடத்திய சூழலில், 1883ஆம் ஆண்டு வெடிப்பொருட்கள் சட்டம் பிறந்தது. முன்னது பாதுகாப்புச் சட்டம். பின்னது குற்றவியல் சட்டம். இந்தியாவிலும் இதே வரிசை சற்றுப் பிந்தி நிகழ்ந்தது. 1884ஆம் ஆண்டு இந்திய வெடிபொருள் சட்டம், மருந்தின் உற்பத்தி, இருப்பு, பயன்பாடு, விற்பனை, போக்குவரத்து, இறக்குமதி ஆகியவற்றை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 1908 ஏப்ரல் 30 அன்று முசாஃபர்பூரில் குதிரை வண்டிமீது குண்டு வீசப்பட்ட சில வாரங்களில், வெடிப்பொருட்கள் சட்டம் 1908 நிறைவேறியது.

1884ஆம் ஆண்டுச் சட்டம் ‘வெடிபொருள்’ என்பதற்குத் தரும் வரையறை கருதத்தக்கது. கருமருந்து, நைட்ரோகிளிசரின், டைனமைட், பாறை வெடிமருந்து ஆகியவற்றோடு வாணவேடிக்கைப் பொருட்களும் அதே தொடரில் இடம்பெறுகின்றன. கோயில் திருவிழா வாணமும் குவாரித் தோட்டாவும் சட்டத்தின் கண்ணில் ஓரினம். அச்சட்டம் முதன்மையாகக் கேட்பது, இந்தப் பொருள் யார் கையில், எவ்வளவு, எங்கே இருக்கிறது என்பதைத்தான். 1898இல் தோன்றிய வெடிபொருள் துறையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது. இன்று நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் அத்துறை இயங்குகிறது. 1914, 1940, 1983, 2008 என அடுத்தடுத்து வந்த வெடிபொருள் விதிகள் கிடங்கின் சுவர், இடிதாங்கி, இருப்புப் பதிவேடு, ஊர்தியின் அமைப்பு, கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு ஆகியவற்றை நுணுக்கமாக வகுத்தன. மருந்தின் எடை கூடக்கூட இத்தொலைவும் கூடும்.

விபத்து நேர்ந்தால் அறிவிக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும் என்ற பிரிவுகள் இச்சட்டத்தில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்டா கிடங்கை விட்டு வெளியேறித் துளைக்குள் இறங்கிய பின் நிகழ்வன இச்சட்டத்தின் பார்வையில் ஓரத்தில்தான் நிற்கின்றன. துளை எங்கே போடப்பட வேண்டும், பாறைச் சுவர் எவ்வளவு உயரம் இருக்கலாம், வெடித்த பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பவற்றை வகுத்தது வேறொரு சட்ட மரபு.

ஆழத்தைக் கண்காணித்த சட்டம்

1894இல் ஜேம்ஸ் கிரண்டி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சுரங்க ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். 1897இல் கோலார் தங்கவயலில் 52 பேரும் பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரும் இறந்தனர். இவ்விரு விபத்துகளும் சட்டத்தை விரைவுபடுத்தின. 1901இல் முதல் இந்தியச் சுரங்கச் சட்டம் வந்தது. கோலார் அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால் பிரித்தானிய இந்தியாவின் சட்டம் அங்கு நேரடியாகச் செல்லவில்லை. வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் பெருமளவில் உழைத்த இடம் அது. அங்கு நேர்ந்த சாவுகள் பிறிதோர் ஆட்சிப்பகுதியின் சட்டத்துக்குக் காரணமாயின என்பது இந்த வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1902 சனவரியில் கல்கத்தாவில் தொடங்கிய சுரங்க ஆய்வு அலுவலகம் 1908இல் தன்பாத்துக்கு மாறியது. தலைமையிடம் நிலக்கரி வயலுக்குச் சென்றதைப் போலவே துறையின் கவனமும் நிலக்கரியையே சார்ந்திருந்தது. சுரங்கம் என்றால் மண்ணுக்கடியில் இருப்பது, வளி வெடிப்பது, கூரை சரிவது என்ற படிமமே மேலோங்கியது. 1923இல் இரண்டாம் சுரங்கச் சட்டமும், 1926இல் உலோகச் சுரங்கங்களுக்கான ஒழுங்குமுறைகளும், விடுதலைக்குப் பின் 1952இல் இன்றும் அறியப்படும் சுரங்கச் சட்டமும், அதன்கீழ் 1961இல் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும் வந்தன. ஜல்லிக் குவாரிக்குப் பொருந்துவது இந்த 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே. ஜல்லி உலோகம் அன்று. எனினும் நிலக்கரியும் எண்ணெயும் அல்லாத அனைத்தும் இப்பெயரின் கீழ் அடக்கப்பட்டன. தன் குவாரிக்கு உரிய விதி ‘உலோகம்’ என்ற பெயரில் இருப்பதை அறியாத குத்தகைதாரர் இருந்தால் வியப்பதற்கில்லை.

அரசியலமைப்பும் இப்பிரிவினையை நிலைப்படுத்தியது. ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 5ஆம் பதிவு வெடிபொருட்களையும், 55ஆம் பதிவு சுரங்கத் தொழிலாளர் நலத்தையும் பாதுகாப்பையும் ஒன்றியத்திடம் தருகின்றன. மாநிலப் பட்டியலின் 23ஆம் பதிவு, ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு, சுரங்க ஒழுங்குமுறையை மாநிலத்திடம் தருகிறது. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு சிறுகனிமங்களுக்கான விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 இதன்வழிப் பிறந்தவை. இவ்வாறாக ஒரே குழியில் தோட்டா ஒரு துறையின் பொறுப்பு. தோட்டா வைப்பவர் இன்னொரு துறையின் பொறுப்பு. அந்த நிலம் மூன்றாவது துறையின் பொறுப்பு.

வெடி என்னும் வாயிற்படி

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கனிமம் தேடவோ எடுக்கவோ தோண்டப்படும் எந்தக் குழியும் சுரங்கமே. ஆனால் 3ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தருகிறது. சரளை, செம்புரைக்கல், சாதாரண மணல், கட்டடக்கல், சாலைக்கல் போன்றவற்றை எடுக்கும் திறந்தவெளிக் குழிக்கு, மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேறினால், சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. குழியின் ஆழம் எவ்விடத்தும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தோண்டுதலில் வெடிமருந்து பயன்படக் கூடாது. ஆய்வாளர்களின் நுழைவதிகாரம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரையும் பெண்களையும் பணியமர்த்துவது பற்றிய பிரிவுகள் ஆகியவை மட்டும் விலக்குப் பெற்ற குழிக்கும் பொருந்தும்.

இம்மூன்றாம் நிபந்தனையின் பொருளை நின்று நோக்க வேண்டும். நான்கு மீட்டர் ஆழக் குழியில் இருபது பேர் ஆப்பும் சம்மட்டியும் கொண்டு கல்லுடைத்தால் அது சட்டப்படி விலக்குப் பெற்ற குழி. அதே குழியில் ஒரு தோட்டா வெடித்தால் அது முழுமையான சுரங்கமாகிவிடுகிறது. அக்கணமே தகுதிபெற்ற மேலாளர், குடிநீர், முதலுதவி, வேலைநேர வரம்பு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு, விபத்து அறிவிப்பு ஆகிய அனைத்தும் கடமைகளாகின்றன. வெடி இங்கே அபாயத்தின் அடையாளம் மட்டுமன்று. உரிமைக்குள் நுழையும் வாயிற்படியும் ஆகும்.

இவ்வாயிற்படி எவ்வளவு முக்கியமானது என்பதை பந்துவா முக்தி மோர்ச்சா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு காட்டியது. அரியானாவின் ஃபரிதாபாத் பகுதிக் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்தோரின் நிலையை விளக்கி அவ்வமைப்பு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு 1983 டிசம்பர் 16 அன்று அளித்த தீர்ப்பு, கொத்தடிமை ஒழிப்புக்காகவும் பொதுநல வழக்கு மரபுக்காகவும் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. அதில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. அக்குவாரிகள் சுரங்கங்களா, 3ஆம் பிரிவின் விலக்கு அவற்றுக்குக் கிடைக்குமா என்ற வினாவை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேலை மேல்நிலத்துக்கு அடியில் நீள்வதையும், அங்கு வெடிமருந்து பயன்படுவது மறுக்கப்படாத உண்மை என்பதையும் சுட்டி, விலக்கு பொருந்தாது என்று முடிவுசெய்தது. தொழிலாளர் நலப் பிரிவுகள் அனைத்தும் அக்குவாரிகளுக்கு உண்டு என்பது அதன்வழி நிலைநாட்டப்பட்டது. கொத்தடிமைகளாயிருந்தவர்களுக்குச் சுரங்கத் தொழிலாளர் என்ற தகுதியைப் பெற்றுத் தந்த காரணங்களுள் வெடிமருந்தும் ஒன்று.

இதன் மறுபுறம் கவலைக்குரியது. வெடியே சட்டத்தை அழைக்கிறது என்றால், வெடியை மறைப்பது சட்டத்தை மறைப்பதாகும். உரிமம் பெற்ற வேறொருவரிடமிருந்து பதிவேட்டில் ஏறாமல் மருந்து பெறும் குழியில், தோட்டாவுடன் சேர்ந்து தோட்டா வைப்பவரும் பதிவிலிருந்து மறைகிறார். வெடிபொருள் துறைக்கு அது மருந்துக் கசிவு. சுரங்கத் துறையின் கணக்கில் அப்படியொரு சுரங்கமே இல்லை. ஆழத்தையும் ஆள் எண்ணிக்கையையும் பின்னர் வரும் ஆய்வாளர் ஓரளவு அளந்து அறியலாம். நேற்று வெடித்ததை அவ்வாறு அறிவது எளிதன்று. மூன்று நிபந்தனைகளுள் மெய்ப்பிக்க மிகக் கடினமானது எதுவோ அதன்மீது இவ்வளவு பெரிய சுமையை ஏற்றியது சட்டவரைவின் குறைபாடு என்றே கொள்ள வேண்டும்.

குழிக்குள் விதிக்கப்படுவன

1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் வெடிவைப்புப் பகுதியை வாசிப்போர் அதில் அனுபவத்தின் குரலைக் கேட்கலாம். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் யாரோ ஒருவருடைய விரலோ உயிரோ போயிருக்கும் என்று எண்ணத் தோன்றும். தோட்டாவைத் துளைக்குள் தள்ள மரக்கோலையே பயன்படுத்த வேண்டும், இரும்பு கூடாது. சான்றிதழ் பெற்ற வெடிவைப்பாளரே மருந்தேற்ற வேண்டும். வெடிச்சத்தங்களை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலோ ஐயம் எழுந்தாலோ, எவரும் 30 நிமிடம் அவ்விடத்தை அணுகக் கூடாது. மின்சாரத்தால் வெடித்ததாயின், மின்னிணைப்பைத் துண்டித்த பின் 5 நிமிடம் போதும். வெடிக்காமல் நின்ற துளையிலிருந்து மருந்தைத் தோண்டி எடுக்க முயலக் கூடாது. குறைந்தது 30 செ.மீ. தள்ளி, அதற்கு இணையாக வேறு துளையிட்டு வெடிக்க வேண்டும்.

இவற்றுள் வெடியெண்ணும் விதி தனியே குறிக்கத்தக்கது. திரியில் தீ வைத்துப் பல துளைகளை வெடிக்கும் முறையில் அது இயல்பான ஏற்பாடு. மில்லிநொடி இடைவெளியில் பல துளைகள் வெடிக்கும் முறை வந்த பிறகு செவியால் எண்ண முடிவதில்லை. அப்போது கண்ணால் பார்த்து உறுதிசெய்வதே வழி. குவிந்து கிடக்கும் கல்லுக்கடியில் நின்றுபோன தோட்டா இருந்தால், அதைப் பெரும்பாலும் மறுநாள் துளையிடுபவரோ கல் வாரும் எந்திரத்தை இயக்குபவரோதான் கண்டறிய நேர்கிறது.

சுவர் பற்றிய 106ஆம் ஒழுங்குமுறையும் வெடியோடு தொடர்புடையது. கெட்டிப் பாறையில் குழியின் பக்கங்கள் படிபடியாக அமைய வேண்டும். ஒரு படியின் உயரம் 6 மீட்டருக்கு மிகாமலும், அகலம் உயரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. படிவிட்டு வெட்டினால் ஒவ்வொரு படியின் அகலத்திலும் உள்ள பாறை எடுக்கப்படாமல் நிற்கும். சிறிய பரப்புக் குத்தகையில் இது பெரிய இழப்பாகத் தோன்றும். பரப்பு சிறிது, காலவரையறை குறுகியது, செலுத்தும் தொகை பெரிது என்றால் குழி செங்குத்தாக இறங்குவதற்கான தூண்டுதல் குத்தகை முறையிலேயே பொதிந்துள்ளது.

முந்நூறு மீட்டர்

குவாரிக்கு வெளியே இருப்பவரைக் காக்கும் விதிகள் கடைசியாக வந்தவை. 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 164ஆம் விதி, வெடிக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டரை அபாய எல்லையாக வகுத்து, எச்சரிக்கை ஒலி எழுப்பி அனைவரையும் ஒதுங்கச் செய்ய வேண்டும் என்கிறது. பிறருக்குரிய நிலையான கட்டடம் அவ்வெல்லைக்குள் இருந்தால், சிறப்பு அனுமதி இல்லாதபோது, ஒரு முறை வெடிக்கும் மருந்தின் மொத்த அளவு 2 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. 125 கிராம் தோட்டா என்று கொண்டால் இது 16 தோட்டா. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இந்த எல்லையை 500 மீட்டராக விரித்தன.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் 36ஆம் விதியும் 300 மீட்டர் என்றே கூறுகிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை வழங்கலாகாது என்பது அதன் சாரம். எண் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. சுரங்க விதியின் 300 மீட்டர் வெடிக்கும் புள்ளியிலிருந்து அளக்கப்படுவது. வெடி நகர நகர அதுவும் நகரும். அதற்குள் நிற்கும் எந்த மனிதரையும் அது கணக்கிலெடுக்கும். மாநில விதியின் 300 மீட்டர் ஒருமுறை வரைபடத்தில் அளக்கப்பட்டு, குத்தகை ஆணையோடு முடிவது. அது கணக்கிலெடுப்பது மனிதரை அன்று, குடியிருப்பு என்று பதிவான நிலத்தை. வருவாய்த்துறை ஆவணத்தில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ குறிக்கப்பட்ட இடமும், உள்ளாட்சி அல்லது திட்டக் குழுமம் ஒப்புதல் தந்த மனைப்பிரிவும் அவ்விதிக்குக் குடியிருப்பாகும். புறம்போக்கில் பட்டாவின்றிக் குடிசை போட்டு வாழ்பவரின் வீடு இவ்வரையறைக்குள் வருவது கடினம். குவாரியை ஒட்டி அவ்வாறு குடிசை போடுபவர் பெரும்பாலும் அந்தக் குவாரியில் உழைப்பவரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வெடிக்கு மிக அருகில் உறங்குபவரே விதிக்கு மிகத் தொலைவில் நிற்கிறார்.

இவ்விதிக்கு எதிர்த்திசையிலும் ஒரு பகுதி உண்டு. குவாரியிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய மனைப்பிரிவுக்கோ கட்டட வரைபடத்துக்கோ, புவியியல் மற்றும் சுரங்கத் துறை இயக்குநரின் முன்னிசைவின்றி ஒப்புதல் தரலாகாது. குவாரி ஊரை நோக்கி வந்ததா, ஊர் குவாரியை நோக்கி வந்ததா என்ற பழைய வழக்கை முன்னுணர்ந்து எழுதப்பட்ட பகுதி இது. சென்னையின் தென்மேற்குப் புறநகரில் பல்லாவரம், திரிசூலம், பம்மல் வட்டாரக் குவாரிகள் நகரம் சூழ்ந்த பின் ஓய்ந்தன. அவ்வாறு கைவிடப்பட்ட குழிகளுள், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் தேங்கிய நீர் 2019இன் வறட்சியில் சென்னைக்குக் குடிநீராயிற்று.

தொலைவு எவ்வளவு என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போகவில்லை. கேரளத்தில் 50 மீட்டர் என்றிருந்த தொலைவை எதிர்த்து எழுந்த முறையீட்டில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பரிந்துரையை ஏற்று, வெடிவைக்கும் குவாரிக்கு 200 மீட்டர், வெடியில்லாக் குவாரிக்கு 100 மீட்டர் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 சூலையில் ஆணையிட்டது. வெடியுள்ள குவாரி, வெடியில்லாக் குவாரி என்ற பாகுபாடு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே இங்கும் திரும்ப வந்தது. இம்முறை காக்கப்பட்டவர் தொழிலாளர் அல்லர், அண்டை வீட்டார்.

அதிர்வை அளத்தல்

பறந்து வரும் கல்லைத் தொலைவு தடுக்கலாம். நிலத்தினூடே செல்லும் அதிர்வைத் தொலைவு மட்டும் தடுக்காது. மருந்தின் அளவு, பாறையின் இயல்பு, துளைகளுக்கிடையிலான காலத் தாமதம் ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வெளியிட்ட 7ஆம் தொழில்நுட்பச் சுற்றறிக்கை முதன்முறையாக இந்திய நிலைமைக்கென விரிவான வரம்புகளைத் தந்தது. பிறருக்குரிய வீடுகளில், அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாயின் நிலத்துகளின் உச்ச வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களுக்கு இவை முறையே 2, 5, 10. குறைந்த அதிர்வெண்ணே வீட்டை மிகுதியாக ஆட்டும் என்பதால் அதற்குக் கடுமையான வரம்பு.

அதே அட்டவணையில் சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமான, குறுகிய ஆயுளுடைய வீடுகளுக்கு வேறு வரிசை உண்டு: 10, 15, 25. உரிமையாளரின் வீட்டில் குடியிருப்பவர் பெரும்பாலும் அவருடைய தொழிலாளர். குறைந்த அதிர்வெண்ணில், அண்டை ஊரார் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்டதைப் போல இருமடங்கு அதிர்வு தொழிலாளர் குடியிருப்புக்கு அனுமதிக்கப்படுகிறது. பொறியியல் நோக்கில் இது கட்டடத்தின் ஆயுளையும் சொத்துரிமையையும் பற்றிய கணக்கு. அக்கட்டடத்துக்குள் யார் இருக்கிறார் என்ற கேள்வியை அது கேட்கவில்லை.

சுவர் வெடிப்பு குறித்த முறையீடுகளில் இச்சுற்றறிக்கை இருபுறமும் பயன்படுகிறது. அதிர்வுமானியின் பதிவேடு இருந்தால் அது சான்று. இல்லாதபோது விரிசலின் வயதைப் பற்றிய வாதமே மிஞ்சும். ஹரியானா மாநிலத்துக்கு எதிரான தீபக்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று அளித்த ஆணை, 5 எக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு வெடிநேரம், அதிர்வு அளவீடு போன்ற நிபந்தனைகள் அனுமதி ஆணைகளில் இடம்பெறுவது வழக்கமாயிற்று. அவ்வாறு நான்காவதாக ஓர் அதிகாரமும் குழியின் விளிம்பில் வந்து நின்றது.

மீண்டும் மருந்தை நோக்கி

கடந்த இருபதாண்டுகளின் பெரிய மாற்றங்களைப் பார்த்தால், சட்டத்தின் கவனம் மறுபடியும் 1884ஆம் ஆண்டுக் கேள்விக்கே திரும்பியிருப்பது புலனாகும். நைட்ரோகிளிசரின் கலந்த வெடிமருந்துகள் 2004 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டன. கையாளுவோருக்குத் தலைவலி தந்ததும், அதிர்ச்சிக்கு எளிதில் வெடித்ததுமான பழைய ஜெலட்டின் வகைகள் இதனால் நீங்கின. குழம்பு வகை மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தன. தொழிலாளருக்கு இது நன்மையே. மும்பைத் தொடர்வெடிப்பு நிகழ்ந்த 2011 சூலையிலேயே அம்மோனியம் நைட்ரேட்டும் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டு, 2012இல் அதற்குத் தனி விதிகள் வந்தன. உரமாகவும் குவாரி மருந்தின் மூலப்பொருளாகவும் அறியப்பட்ட உப்பு உரிமத்துக்குள் வந்தது. மின்வெடிதூண்டிகளின் உற்பத்தி, இருப்பு, இறக்குமதி ஆகியவற்றையும் ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் தடைசெய்தது. குவாரி வழக்கில் ‘கேப்’ எனப்படும் இக்கருவி எளிதில் தவறான கைகளுக்குப் போவதே இங்கு முதன்மைக் கவலை. இடியும் தறிகெட்ட மின்னோட்டமும் அதை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதால் குழிக்குள்ளிருப்போருக்கும் இத்தடையால் பயன் உண்டு.

இதே காலத்தில் தொழிலாளர் பக்கச் சட்டம் மெல்லவே நகர்ந்தது. 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே கல்குவாரியின் அன்றாடத்தை ஆண்டுவந்தன. 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு மற்றும் பணிநிலைமைகள் தொகுப்பு, சுரங்கச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களைத் தன்னுள் ஒன்றிணைத்தது.

தமிழ்நாட்டின் அண்மைக்கால விபத்துகள் இரண்டு இவ்விரு மரபுகளுக்கும் இடையிலான இடைவெளியைக் காட்டுகின்றன. 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஒரு குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் வெடிப்பு நேர்ந்து மூவர் இறந்தனர். கிடங்கு, இருப்பு, இறக்கும் முறை, உரிமம் என வெடிபொருள் சட்டத்தின் சொற்களிலேயே அதை முழுமையாக விவரித்துவிட முடியும். அதற்கு ஈராண்டு முன்னர், 2022 மே 14 அன்று, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குவாரி ஒன்றின் சுவர் சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டனர், நால்வர் உயிரிழந்தனர். அங்கே மீட்புப் பணியே பல நாள் நீடித்தது. மேலும் பாறை விழும் என்ற அச்சத்தால் மீட்போரும் குழிக்குள் இறங்கத் தயங்க நேர்ந்தது. அவர்கள்மீது பாறை சரிந்தது வெடி வைத்த வேளையில் அன்று. இரவில், முன்பே உடைத்துக் கிடந்த கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது.